துளையைப் பார்த்துக் குலுக்கையை அளக்காதீர்கள்

“கரிசல்காட்டில் இப்போது யார் பட்டினி கிடக்கிறார்கள்?” வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, கடன் தள்ளுபடி என்று எந்தப் பேச்சு எடுத்தாலும் இந்தக் கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. கேட்பவர்கள் வன்மத்தில் கேட்பதில்லை. அவர்கள் கையில் எண்கள் இருக்கின்றன. 2022-23ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வுப்படி தமிழக ஊரகத்தில் ஓர் ஆளின் மாதச் செலவு 5,310 ரூபாய். இந்திய ஊரகச் சராசரி 3,773 ரூபாய்தான். நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழகத்தின் ஏழைகள் 2.2 சதவீதம். ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. குளத்தூரில் மழை பொய்த்தாலும் விளாத்திகுளத்தில் உளுந்து கருகினாலும் அடுப்பு எரியாமல் இருப்பதில்லை. ஆகவே மானாவாரி விவசாயியான சம்சாரியின் ஆபத்து பழைய கதை. அவர்கள் பழைய பயத்தையும் பழைய பயிர் முறையையும் விட வேண்டியதுதான் பாக்கி என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறு. எண்களில் பிழையில்லை. அந்த எண்களைக் கொண்டு எதை அளக்க முடியாதோ அதை அளந்துவிட்டதாக நினைப்பதில்தான் பிழை. ஒரு வீட்டிலிருந்து மாதாமாதம் வெளியே போகும் செலவைப் பார்த்து அந்த வீட்டுக்குள் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. கரிசல் வீடுகளின் மூலையில் நின்ற குலுக்கையே இதற்குச் சாட்சி.

முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்வோம். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்து, 2011 ஜூனில் விலையில்லாததாக மாறிய ரேஷன் அரிசி, இந்த நாட்டின் பெரும் சாதனைகளில் ஒன்று. மழை தவறினால் பானை காலி என்றிருந்த பல தலைமுறைக் கொடுமையை அது முறித்தது. அதை ஒரு சொல்லாலும் குறைக்க எனக்கு மனமில்லை. அந்தச் சாதனையை மற்ற எல்லாவற்றையும் மறுப்பதற்கான காரணமாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

இனி குலுக்கைக்கு வருவோம். தவசம் போட்டுவைக்கும் மண் கலம் அது. மண்ணையும் கூளத்தையும் குழைத்து, வளையம் வளையமாக எழுப்பிக் காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, ஆள் உயரத்துக்கு நிறுத்துவார்கள். உள்ளும் புறமும் சாணி மெழுகியிருக்கும். மேலே மூடி, அடியில் ஒரு துளை, துளைக்குத் துணியோ சிரட்டையோ அடைப்பு. அறுவடை முடிந்து களத்தில் காய்ந்த கம்பையோ சோளத்தையோ குதிரைவாலியையோ வருஷத்துக்கு ஒருமுறை மேலே கொட்டுவார்கள். வேண்டும்போதெல்லாம் அடைப்பை எடுத்து அடியில் பிடித்துக்கொள்வார்கள். பூச்சிக்கு வேப்பிலையும் நொச்சியும் போடுவார்கள். அடுத்த பட்டத்துக்கான பயறு விதைக்குச் செம்மண் கட்டித் தனியாக வைப்பார்கள். வண்டின் மேல்தோலில் உள்ள மெழுகை மண் துகள் உராய்ந்து எடுத்துவிட, வண்டு ஈரம் இழந்து சாகும் என்று பின்னாளில் பூச்சியியல் விளக்கியது.

இந்தக் கலத்துக்குள் தானியம் நடந்துகொள்ளும் விதம் தண்ணீர் நடந்துகொள்ளும் விதமே அல்ல. தண்ணீர்த் தொட்டியின் அடியில் குழாயைத் திறந்தால், தொட்டி நிறைந்திருக்கும்போது வேகமாகப் பாயும். குறையக் குறைய வேகமும் குறையும். கால்வாசித் தண்ணீர் இருக்கும்போது பாயும் வேகம், நிறைதொட்டியில் இருந்ததில் பாதிதான். வெளியே வரும் தாரையே உள்ளே இருக்கும் மட்டத்தைச் சொல்லிவிடுகிறது.

தானியம் அப்படிச் சொல்லாது. குலுக்கை கழுத்துவரை நிறைந்திருந்தாலும் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தாலும், துளையில் கம்பு கொட்டும் வேகம் ஒன்றுதான். துளைக்கு நேர்மேலே மணிகள் ஒன்றையொன்று முட்டி வளைவாக நிற்கின்றன, உடைகின்றன, மறுபடி நிற்கின்றன. மேலேயுள்ள பாரம் அந்த வளைவைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. எவ்வளவு வேகமாக விழும் என்பதைத் துளையின் அகலமும் மணியின் பருமனும் தீர்மானிக்கின்றன. மேலேயுள்ள உயரத்துக்கு அதில் பங்கில்லை. ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1852இல் மணலில் இதை அளந்து காட்டினார். பெவர்லூவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1961இல் விதைகளையும் மணலையும் கொண்டு இதற்குச் சூத்திரம் தந்தார்கள். மணற்கடிகை நேரம் காட்டுவதும் இதே குணத்தால்தான். கடைசிச் சாண் அளவு வரும்வரை துளை ஒரு எச்சரிக்கையும் தராது. பிறகு ஒரேயடியாக நின்றுவிடும்.

இரண்டாவது குணம் எடையைப் பற்றியது. தண்ணீர் முழுப் பாரத்தையும் அடித்தளத்தின்மேல் இறக்கும். தானியமோ உராய்வினால் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்கும். 1895இல் ஜெர்மனியில் யான்சென் என்ற பொறியாளர் தானியக் கலங்களில் சோதித்து, உயரம் எவ்வளவு கூடினாலும் அடித்தளத்தின் அழுத்தம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது என்று காட்டினார். மிச்சப் பாரம் சுவருக்குப் போகிறது. ஆள் உயரமும் அதில் பாதி அகலமும் உள்ள குலுக்கைக்கு, தானியத்தின் வழக்கமான உராய்வை வைத்துக் கணக்குப் போட்டால், மொத்த எடையில் ஏறக்குறைய பாதியைச் சுவர் சுமக்கிறது. பெரிய உலோகக் கிடங்குகள் பல நேரம் சுவர் நெளிந்தே சரிவது இதனால்தான். அடித்தளத்தை மட்டும் அளந்துகொண்டிருந்தவருக்கு அந்தச் சரிவு எங்கிருந்து வந்தது என்றே விளங்காது.

குலுக்கையை ஆண்டவர்கள் வீட்டுப் பெண்கள். துளையை நம்பி அவர்கள் குடும்பம் நடத்தவில்லை. எடுத்ததை மரக்காலால் அளந்தார்கள். மேலே ஏறி மூடியைத் திறந்து பார்த்தார்கள். இன்றைய நுகர்வுக் கணக்கு துளையின் அருகே உட்கார்ந்து விழும் மணியை மட்டும் எண்ணுகிறது.

மழை தவறிய ஒரு வருஷத்தில் குளத்தூர், வைப்பாறு, புதூர்ப் பக்கத்து வீடுகளில் நடப்பதை வரிசையாகப் பார்த்தால் நான் சொல்வது புரியும். புரட்டாசியில் புழுதியிலேயே உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைத்தாயிற்று. டிராக்டர் கூலி, விதை, உரம் எல்லாம் ஏற்கெனவே கடன். ஐப்பசி மழை ஏமாற்றினால் முதலில் போவது நகை. சங்கிலி கூட்டுறவு வங்கிக்கோ அடகுக்கடைக்கோ போகிறது. அடுத்து ஆடுகள் எட்டயபுரம் சந்தைக்குப் போகின்றன. அந்த நேரத்தில் எல்லோரும் ஓட்டிக்கொண்டு வருவதால் விலை இறங்கித்தான் இருக்கும். பிறகு மளிகைக் கடையில் பற்று ஏறுகிறது. உறவில் கைமாற்று வாங்குவார்கள். வீட்டு ஆண்களில் ஒருவர் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வேலைக்குப் போகிறார். இன்னொருவர் திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார். பெண்கள் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார்கள். சிலர் முன்பணமும் வாங்கிவிடுகிறார்கள். பாலும் முட்டையும் காய்கறியும் குறைகின்றன. கடைசியில் சாப்பிடும் பெண்ணின் தட்டில் குழம்பு தண்ணீராகிறது. கல்லூரிக் கட்டணம் தள்ளிப்போகிறது. அடுத்த வருஷத்துக்கு எடுத்துவைத்த விதை உளுந்தும் ஆட்டுரலுக்கு வந்துவிடுகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் சோறு மட்டும் குறையவில்லை. கணக்கெடுப்பவர் எந்த மாதம் வந்து கதவைத் தட்டினாலும் அரிசி அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வருமானம் விழுந்த பாரத்தைச் சுவர்கள் வாங்கிக்கொண்டன: நகை, ஆடு, கடைக்காரரின் பற்றுநோட்டு, ஊரைவிட்டுப் போன மகன், அரை வயிற்றோடு எழுந்த தாய். அடித்தளம் பாரத்தை உணரவில்லை என்பதால் பாரமே இல்லை என்கிறார்கள்.

நுகர்வுக் கணக்கின் இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் செலவு என்பது செலவு. அந்தப் பணம் விளைச்சலிலிருந்து வந்ததா அடகிலிருந்து வந்ததா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. மருத்துவமனைச் செலவும் படிப்புச் செலவும் அதில் சேரும். சங்கிலியை அடகு வைத்து அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டிய வீடு, அந்த வருஷம் அந்தக் கணக்கின்படி முன்னைவிட வசதியான வீடு. அடகுக்கடைக்குக் கட்டும் வட்டியோ நுகர்வில் சேராது. 5,310 ரூபாய் என்ற எண்ணுக்குள் இப்படிப்பட்ட வீடுகளும் இருக்கின்றன.

இருப்பையும் கடனையும் கேட்டுப் பார்த்த ஆய்வுகள் வேறு முகத்தைக் காட்டுகின்றன. தேசிய மாதிரி ஆய்வின் 77ஆவது சுற்று, 2019இல், தமிழக வேளாண் குடும்பங்களில் 65.1 சதவீதம் கடனில் இருப்பதாகச் சொன்னது. இந்தியச் சராசரி 50.2 சதவீதம். குடும்பச் சராசரிக் கடன் 1,06,553 ரூபாய். உடலுக்குள் இருக்கும் இருப்பைப் பார்த்தால், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுவரையுள்ள தமிழகப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. வறுமை 2.2 சதவீதம் என்ற அதே மாநிலம், அதே காலம்.

இந்தச் சண்டை இப்போது தொடங்கியதும் அல்ல. தாது வருஷப் பஞ்சத்தில், 1877இல், இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்பவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியத்தை அடிப்படையாக வைத்த கூலி போதும் என்றார். வேலைக்களத்தில் நிற்கும் ஆட்கள் தாக்குப்பிடிக்கிறார்களே என்பது அந்தத் தரப்பின் வாதம். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை நேருக்கு நேர் எதிர்த்தார். குறைந்த உணவின் கேடு உடனே தெரியாது. உடம்பு தன் இருப்பைக் கரைத்துக்கொண்டு நிற்கும். தெரியும்போது காலம் கடந்திருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். சென்னை அரசு அந்த ஆண்டிலேயே டெம்பிள் கூலியைக் கைவிட்டது. அதற்குள் எத்தனையோ உயிர்கள் போய்விட்டன. அன்று உடம்பைப் பற்றிக் கார்னிஷ் சொன்னதைத்தான் இன்று வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எதிர்த்தரப்புக்குக் கல்வி உலகின் துணையும் உண்டு. அதையும் ஒதுக்காமல் பார்ப்போம். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் 1975 முதல், ஊரிலேயே ஆட்களைத் தங்கவைத்து மானாவாரிக் கிராமங்களில் வீடு வீடாக விவரம் திரட்டியது. அவற்றில் ஆரேப்பள்ளி, ஷிராப்பூர், கான்சாரா ஆகிய மூன்று ஊர்களின் விவரத்தைக் கொண்டு ராபர்ட் டவுன்செண்ட் 1994இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஷிராப்பூர் நம்மைப் போலவே கருமண் ஊர். ஒரு வீட்டின் வருமானம் விழுந்தாலும் அதன் நுகர்வு அவ்வளவாக விழவில்லை. ஊரின் சராசரி நுகர்வோடு சேர்ந்தே ஏறி இறங்கியது என்று அவர் கண்டார். கிராமம் தன்னைத் தானே காப்பீடு செய்துகொள்கிறது என்று பலர் இதைச் சுருக்கிக்கொண்டார்கள்.

டவுன்செண்ட் அவ்வளவு தூரம் போகவில்லை. முழுக் காப்பீடு என்ற கருதுகோள் தன் சோதனையில் தேறவில்லை என்றும், ஓர் ஊரில் நிலமற்றவர்களுக்குப் பாதுகாப்பு மற்றவர்களைவிடக் குறைவு என்றும் அவரே எழுதினார். மார்ட்டின் ரவாலியனும் சுபம் சவுத்ரியும் 1997இல் அதே விவரங்களைத் திரும்ப ஆராய்ந்து, நுகர்வைக் கணக்கிட்ட முறையே முடிவைச் சாய்த்துவிட்டது என்று காட்டினார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது ஊர்ச் சராசரி என்ற சொல். அண்டை வீட்டில் கடன் வாங்குவது அண்டை வீட்டில் விளைந்திருந்தால்தான் நடக்கும். ஐப்பசி மழை தவறினால் குளத்தூருக்கு மட்டும் தவறுவதில்லை. வேம்பாரிலிருந்து எட்டயபுரம்வரை சேர்ந்தே தவறுகிறது. ஊரே விழும்போது ஊர் தாங்காது. மார்க் ரோசன்சுவைக்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989இல் காட்டியதுபோல், இந்த ஊர்களில் பெண்ணைத் தூரத்து ஊருக்குக் கட்டிக்கொடுப்பதிலும் ஆபத்தைப் பங்கிடும் கணக்கு இருந்தது. மழை வேறு மாதிரி பெய்யும் ஊரில் சம்பந்தம் இருந்தால் ஆபத்துக்குக் கைகொடுக்கும். கல்யாணத்தைக்கூட மழைக் காப்பீடாக்க வேண்டியிருந்த வாழ்க்கையைப் பாதுகாப்பான வாழ்க்கை என்று எப்படிச் சொல்வது?

2015இல் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் 1991இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவாதத்தின் மையத்துக்கே போகிறது. கடன் எளிதில் கிடைக்காத வீடு, நல்ல வருஷத்தில் கொஞ்சம் சேர்த்து, கெட்ட வருஷத்தில் எடுத்துச் செலவழிக்கும். அதன் நுகர்வு பெரும்பாலான காலம் சீராகவே ஓடும். ஆனால் சேமிப்பு சுழியத்துக்குக் கீழே போக முடியாது. கெட்ட வருஷங்கள் அடுத்தடுத்து வந்தால் சேமிப்பு தீரும் நாளில் நுகர்வு செங்குத்தாக விழும். அந்த நாள்வரை நுகர்வை மட்டும் பார்த்தவருக்கு எந்த அறிகுறியும் தெரிந்திருக்காது. குலுக்கையின் துளை செய்வதும் இதையேதான்.

அடுத்தடுத்த கெட்ட வருஷங்கள் என்பது கற்பனையும் இல்லை. 2016இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. 2018இல் இந்தியாவுக்குள் வந்த படைப்புழு கரிசலின் மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. ஏழு வருஷத்தில் மூன்று அடி. முதல் அடியில் அடகுக்குப் போன சங்கிலி மூன்றாவது அடிக்குள் திரும்பி வந்த வீடு எத்தனை என்று கேட்கும் ஆய்வு எது?

அடுத்த குற்றச்சாட்டு, சம்சாரிகள் பயந்தவர்கள் என்பது. லாபம் தரும் ஒரே பயிரை முழுதாகப் போடாமல் கம்பும் உளுந்தும் துவரையும் கலந்து போடுகிறார்கள். வீட்டில் பவுன் சேர்க்கிறார்கள். புதியதை நம்புவதில்லை என்கிறார்கள். ஹான்ஸ் பின்ஸ்வாங்கரும் ரோசன்சுவைக்கும் இதே இக்ரிசாட் ஊர்களை வைத்து 1993இல் சொன்ன பதில் இருக்கிறது. மழை தொடங்கும் காலம் நிச்சயமற்றதாக ஆக ஆக, எல்லோரும் லாபம் குறைந்த, ஆனால் மோசம் போகாத வழிக்கு ஒதுங்குவதில்லை, ஏழைகள்தான் ஒதுங்குகிறார்கள். அந்த நிச்சயமின்மை ஓரளவு குறைந்தாலே, சொத்தில் கடைசிக் கால்பகுதியில் இருப்பவர்களின் லாபம் 35 சதவீதம்வரை கூடும். மேல் கால்பகுதியினருக்கு ஏறக்குறைய மாற்றமே இல்லை. பயம் குணத்திலிருந்து வருவதாக இருந்தால் பணக்காரருக்கும் ஏழைக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்காது. குலுக்கை காலியாக இருப்பவர் துளையைப் பெரிதாக்கத் துணியமாட்டார். அந்த 35 சதவீதம், நல்ல மழை பெய்த வருஷத்திலும் ஏழைச் சம்சாரிகள் கட்டும் தண்டம். பட்டினி இல்லாத வருஷத்திலும் இழப்பு உண்டு என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. கலப்புப் பயிரைப் பொறுத்தவரை, 1901இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையமே மானாவாரிக்கு ஊடுபயிரைப் பரிந்துரைத்து வந்திருக்கிறது.

“அறுத்ததும் விற்றுப் பணமாக்கு; வீட்டில் மூட்டை அடுக்குவது முடங்கிய முதல்” என்ற அறிவுரையும் உண்டு. தை, மாசியில் கரிசல் முழுக்க உளுந்தும் பாசியும் ஒன்றாகச் சந்தைக்கு வருகின்றன. அந்த நேரத்து விலைதான் பெரும்பாலும் வருஷத்தின் அடிமட்ட விலை. கடன்காரர் வாசலில் நிற்கும்போது விற்பவர் விலை பேச முடியாது. அதே மூட்டையை வாங்கி இருப்பு வைக்கும் வியாபாரிக்கு அது முடங்கிய முதலாகத் தெரியவில்லை. அவர் தொழிலே அதுதான். ஒருவர் வைத்தால் வியாபார அறிவு, இன்னொருவர் வைத்தால் அறியாமை என்று எப்படி ஆகும்? ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் விளைபொருளை இருப்பு வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கும் வசதி இருக்கிறது. அது நியாயமான வட்டியில், சிறு மூட்டைக்காரருக்கும், பக்கத்திலேயே கிடைத்தால், இந்த அறிவுரையே தேவைப்படாது.

கடைசி வாதம் காப்பீடு. 2016இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்ட வேண்டிய பங்கு உணவுப் பயிருக்குக் காரிஃபில் 2 சதவீதம், ராபியில் 1.5 சதவீதம்தான். மலிவுதான், மறுக்கவில்லை. ஆனால் வறட்சிக்கான இழப்பீடு தனி நிலத்தைப் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்கா அளவில் சில நிலங்களில் அறுத்து எடை பார்த்து, அந்தச் சராசரியைக் கொண்டு வருகிறது. கரிசலில் ஒரு கம்மாய்க்கு இந்தப் பக்கம் பெய்து அந்தப் பக்கம் பெய்யாத மழை உண்டு. காய்ந்துபோன நிலத்தின் சொந்தக்காரர், விளைந்த பக்கத்து நிலத்தின் சராசரியில் கரைந்துபோகிறார். கிடைக்கும் பணமும் அறுவடைக் கணக்கு முடிந்து, கோப்புகள் நகர்ந்து, அடுத்த விதைப்பு நெருங்கும்போதோ அது தாண்டியோ வருகிறது. அதற்குள் ஆடு போயிருக்கும். ஆட்டோடு எருவும் அடுத்த வருஷக் குட்டிகளும் போயிருக்கும். உழவு மாடுகளை நெருக்கடியில் விற்றவர்கள் பிறகு திரும்ப வாங்க முடியாமல் விளைச்சலே குறைந்துபோனதை ரோசன்சுவைக்கும் கென்னத் வோல்பினும் 1993இல் எழுதினார்கள். இழப்பு அந்த ஒரு வருஷத்தோடு நிற்பதில்லை.

இதையெல்லாம் சொல்வதால் குலுக்கைக் காலத்துக்குத் திரும்பச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் பேச்சும் இந்த நுகர்வுக் கணக்கு அளவுக்கே தவறானது. குலுக்கை நிலம் வைத்திருந்தவர் வீட்டில் நின்றது. களத்துமேட்டில் கூலித் தவசம் வாங்கிப்போன நிலமற்றவருக்கு வாரக் கணக்கில்தான் இருப்பு. நல்ல குலுக்கையும் ஒரு வருஷப் பஞ்சத்தைத் தாண்டும். இரண்டாவது வருஷத்தைத் தாண்டுவது கடினம். தாது வருஷம் அதைக் கோடிக்கணக்கான மக்கள்மேல் எழுதிக் காட்டியது. இன்று கம்பும் சோளமும் போன இடத்தில் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் நிற்கிறது. அதை வீட்டில் போட்டுவைத்து உண்பதில்லை. ஆகவே வீட்டின் இருப்பு தவசத்திலிருந்து பவுனுக்கு மாறிவிட்டது. பவுன் புழுக்காது, ஊரில் மழை தவறினால் அதன் விலை இறங்காது; அந்த வகையில் அது நல்ல இருப்புதான். அந்த மாற்றத்தைப் புரிந்துகொண்டு அரசும் தன் அளவுகோலை மாற்ற வேண்டும் என்பதே என் வழக்கு. 2021இல் கூட்டுறவு நகைக்கடனில் 5 பவுன்வரை தள்ளுபடி செய்தபோது, வீட்டின் இருப்பு எங்கே இருக்கிறது என்பது அரசுக்கும் தெரியும் என்பது வெளிப்பட்டது. தெரிந்ததை முறையாக அளப்பதுதான் நடக்கவில்லை.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. நுகர்வை 2022-23, 2023-24 என்று அடுத்தடுத்த வருஷங்களில் அளக்க முடிந்த நாட்டில், கடனையும் சொத்தையும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் அளப்பதற்கு நியாயமில்லை. மானாவாரி வட்டங்களிலாவது வருஷாவருஷம் அளக்க வேண்டும். வறட்சியை முடிவு செய்யும்போது அடங்கலில் உள்ள பயிர்ச் சேதத்தோடு நான்கு விவரங்கள் சேர வேண்டும்: அடகில் இருக்கும் நகை, சந்தைக்கு வந்த ஆடு மாடுகளின் எண்ணிக்கையும் விலையும், வீட்டில் இருக்கும் விதை, ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்கள். கூட்டுறவு வங்கிப் பதிவேட்டிலும் சந்தைக் குத்தகைதாரரின் ரசீதிலும் இவற்றில் பாதி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. காப்பீட்டின் அலகு பிர்காவிலிருந்து ஊருக்கு, ஊரிலிருந்து காட்டுக்கு இறங்க வேண்டும். ரேஷன் கடையில் அரிசியோடு, இந்த மண்ணில் விளையும் கம்பும் பயறும் நியாய விலையில் கொள்முதலாகி வர வேண்டும். பயறு விளைவிக்கும் வீட்டிலேயே பயறு முதலில் குறைகிற நிலை அப்போதுதான் மாறும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது காலம். சேதம் முழுதாகத் தெரிந்தபின் பணம் தருவது என்ற முறை, துளை நின்றபின் குலுக்கையைத் திறந்து பார்ப்பதற்குச் சமம். விதைப்பு முடிந்து குறிப்பிட்ட நாளுக்குள் குறிப்பிட்ட அளவு மழை பெய்யவில்லை என்றால், பயிர் காயும்வரை காத்திராமல் ஊரக வேலைத் திட்டத்தின் நாட்களைக் கூட்டவும், வட்டியில்லா முன்பணம் தரவும் அரசாணை முன்கூட்டியே இருக்க வேண்டும். கார்த்திகையில் கிடைக்கும் இரண்டாயிரம் ரூபாய் ஆட்டை வீட்டில் நிறுத்தும். அடுத்த ஆனியில் கிடைக்கும் பத்தாயிரம் வட்டிக்குத்தான் போகும். நிவாரணம் ஏக்கருக்கு எவ்வளவு என்று மட்டும் இதுவரை போராடிய சங்கங்களும் கட்சிகளும், அது எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதற்காக இனிப் போராட வேண்டும்.